டாக்டரம்மா எழுதிய "காரணம் தெரியவில்லை"

டாக்டரம்மா போய்விட்டார்கள். இன்று காலை, அடையாறு வீட்டில். என் கொழுந்தனார் பேத்தி கௌரி போனில் சொன்னாள்.

எழுபதுகளில் ராயப்பேட்டை பக்கம் குழந்தைகளைப் பார்த்த டாக்டர். விளம்பரம் பிடிக்காதவர், அதனால் இங்கே அவர் பேர் போடவில்லை.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் குடித்தனம். என் மகன் முருகனுக்கு ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. உடம்பு துணி மாதிரி துவண்டது. தலை மட்டும் பெருத்துக்கொண்டே போனது...

என் மாமியார் வேறு யாருமில்லை, சொந்த அத்தை. "கழுத்தைப் புடிக்காம தூக்கிக்கினு திரிஞ்சா இன்னா ஆவும்? கெடுத்துட்டியேடி எம் பேரனை" என்று தெருவே கேட்கச் சொல்வார்.

நானும் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தேன். அத்தைதான் தினமும் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவார். தலை உருண்டையாக வரட்டும் என்று எண்ணெய் வைத்து அமுக்கி அமுக்கி விடுவார். கெடுத்தது அந்தக் கைதான் என்று நினைத்தேன்.

அத்தையும் நானும் கொண்டுபோனபோது டாக்டரம்மா டேப் வைத்துத் தலையை அளந்தார். அத்தை விடவில்லை. "இவ கீழ போட்டுட்டாம்மா. அத எழுதிக்கோங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"பாக்கணுமா இன்னா? தெரியாதா?"

"எனக்கே தெரியலை, உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "குளிப்பாட்டறப்ப தலையை அமுக்கினா இப்படி வருமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை...

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "மூளையில வெள்ளையா ஒரு பகுதி இருக்கு. அது கெட்டுப்போற நோய் நாலஞ்சு இருக்கு. எக்ஸ்ரேல மண்டை ஓடுதான் தெரியும், உள்ள பார்க்க வழியில்லை. எதுன்னு என்னால சொல்ல முடியாது. எது இல்லைன்னு சொல்வேன். தூக்கினதால இல்லை. குளிப்பாட்டினதாலயும் இல்லை. ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க."

சீட்டில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினார். பொய்யாக ஒரு காரணம் எழுதவில்லை.

முருகன் மூன்று வயதில் போனான்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அத்தையும் நானும் ஒரே வீட்டில். டாக்டரம்மா சொன்னதில் எனக்குச் சாதகமான பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அத்தையும் அப்படித்தான்.

போன வருஷம் கௌரியின் பிள்ளைக்கு அதே தலை, அதே துவளல். கௌரியும் என்னைப் போலவே சொந்தத்தில் கட்டினவள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நான் ஆறாவதோடு நின்றவள், புரிந்ததைச் சொல்கிறேன். படத்தில் அந்த வெள்ளைப் பகுதி கெட்டிருப்பது தெரிந்தது. ஆனால் படத்தை மட்டும் பார்த்தால் இரண்டு மூன்று நோய் ஒரே மாதிரி இருக்குமாம். அதனால் அதே மெஷினில் மூளைக்குள் என்னென்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்தார்கள். மேலும் கீழுமாக ஒரு கோடு. அதில் ஒரே ஒரு இடம் மட்டும் கோபுரம் மாதிரி உயரம்...

அதை வைத்து இன்ன நோய் என்றார்கள். யூரின் டெஸ்டும் அதையே சொன்னது. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று கருவிலேயே வருவதாம்.

பேப்பரை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் போனேன். டாக்டரம்மா லென்ஸ் வைத்து முழுக்கப் படித்தார். "உங்க பையனுக்கு இதை எடுக்கலையே. அதனால இதுதான்னு எழுதித் தர மாட்டேன். ஆனா அநேகமா இதுதான்." அந்த வயதிலும் அந்தப் பிடிவாதம்!

"உங்க மாமியார் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். என் அத்தை கையில் தப்பில்லை. என் கையில் தப்பில்லை. கௌரியைக் கிரகணத்தில் வெளியே போனாயா என்று இனி எவளாவது கேட்டால், என்னிடம் வந்து கேட்கட்டும்.

நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். நானும் கௌரியும் போகிறோம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. சாவு வீட்டுக்குக் கைக்குழந்தையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

நாங்கள் வரும்வரை இருங்கள் டாக்டரம்மா.