எதுக்க வண்டி வருதா?

எங்கள் அப்பா திருச்சுழியில் அரசாங்க ஜீப் ஓட்டினார். உலகத்தில் உள்ள எந்த வண்டியையும் மூன்றே வார்த்தையில் எடைபோட்டுவிடுவார். இழுவை, பாடி, சொகம். மேட்டில் முக்காமல் முனகாமல் ஏறினால் இழுவை. கதவைச் சாத்தும்போது தகரச் சத்தம் வராமல் தொப்பென்று விழுந்தால் பாடி. இறங்க வேண்டிய இடம் வந்தபிறகும் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாமே என்று தோன்றினால் சொகம். "மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் அது வண்டி மாதிரிதான், வண்டி இல்ல" என்பார். அவர் ஓட்டிய ஜீப்பில் இழுவை மட்டும்தான் உண்டு. அதையும் அது ஸ்டார்ட் ஆகிற நாளில்தான் பார்க்க முடியும்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பால்பல் விழுகிற வயதிலேயே தொற்றிக்கொண்டது. மற்றப் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடிய நேரத்தில் நான் பஸ் ஸ்டாண்டு ஓரமாக நின்று, வருகிற போகிற வண்டிக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்தக் கேடு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். என் மார்க்கை மதித்துக் காதுகொடுத்த ஒரே ஆள் சித்திதான்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். தினமும் பஸ் ஏறி அருப்புக்கோட்டை டெலிபோன் எக்சேஞ்சுக்கு வேலைக்குப் போவாள். காதில் மாட்டியிருக்கும் கருவியில் ஒரு 'ஹலோ' கேட்டாலே போதும், பேசுகிறவர் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறாரா, பட்டினியோடு பேசுகிறாரா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு மாப்பிள்ளை மட்டும் அமையவில்லை. வந்தவர்களில் பாதிப் பேரை இவளே வேண்டாம் என்றுவிட்டாள். மீதிப் பேர் இவள் வயதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பதில் சொல்கிறோம் என்றார்கள்.

அந்தத் தை மாதம் ஒரே வாரத்தில் இரண்டு இடம் கூடி வந்தது. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ரெண்டுல ஒண்ண நீயே சொல்லு. ரெண்டும் வேணாம்னு மட்டும் சொல்லிராத தாயே. ஊரு வாய என்னால மூட முடியல." ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முடிவு சொல்வதாக இரண்டு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று.

முதலில் வந்தது விருதுநகர் மண்டிக்காரர் வீடு. அடேயப்பா, அவர்கள் வந்த காரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெள்ளைக் காண்டசா. எங்கள் தெருப் புழுதியில் அது வந்து நின்றபோது துவைத்து மடித்த வேட்டியை யாரோ தரையில் வைத்ததுபோலப் பதறிவிட்டேன். உள்ளே ஜெபம் நடந்தது, காராச்சேவும் காப்பியும் போயின. சித்தி தட்டோடு வந்து நின்றாள், தலை குனிந்தாள், உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வாயையே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய பெரியப்பாவே பேசினார். அடுப்படியில் சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ புள்ள, காரு நல்லாருக்கா?"

"தங்கம் சித்தி."

"அப்பப் போயி ஏறிப் பாத்துட்டு வா. வந்து எங்கிட்ட ஒண்ணுவிடாம சொல்லணும்."

காரையே சுற்றிச் சுற்றி வந்த என்னை அந்த மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஆசைப்படுகிற பிள்ளையை ஏற்றிக்கொள்ள அவருக்கும் ஆசைதான் போலிருக்கிறது. "வா, ஒரு ரவுண்டு" என்றார். அருப்புக்கோட்டை ரோட்டில் பறந்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே குளிர்காற்று வைத்தார். வெளியே கருவேலங்காடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, எனக்கு முழங்கை மயிர் குத்திட்டு நின்றது. அதைவிடச் சொகம் பரலோகத்திலும் இருக்காது என்று நினைத்தேன்.

திரும்பி வந்ததும் சித்தி என்னைப் பின்வாசலில் உட்காரவைத்து விசாரித்தாள். காரைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்க எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்து ஒரு ஆள் கிடைத்ததே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"இழுவை எப்படி?"

"பஸ்ஸ ஒரே மூச்சுல முந்திட்டாக சித்தி."

"பஸ்ஸுக்காரரு என்ன செஞ்சாரு?"

"அவரு பஸ்ஸ ரோட்ட விட்டு மண்ணுல எறக்கிட்டாரு. கையக் கைய நீட்டிக் கத்துனாரு. நமக்குத்தான் கண்ணாடி ஏத்தியிருக்கே, ஒண்ணும் கேக்கல."

"சரி, பாடி?"

"இரும்பு. கதவச் சாத்துனா தொப்புன்னு விழுது. ஆனா என்னையத் தொட விடல. நான் கைவச்ச எடத்தக் கைக்குட்டையால தொடச்சாக."

ரோட்டில் குதிரைவாலிக் கதிரைப் பரப்பிப் போட்டிருந்ததையும் சொன்னேன். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். போகிற வண்டி ஏறி ஏறியே தானியம் உதிர்ந்துவிடும், ஓரத்தில் நிற்கிற பெண்கள் கூட்டி அள்ளிக்கொள்வார்கள். காண்டசாக்காரர் கதிரில் ஏறவில்லை. "ரோடு என்ன இவுக வீட்டுக் களமா" என்று முனகிவிட்டு மண்ணில் இறக்கி ஓட்டினார். நின்ற பெண்கள் எல்லாரும் புழுதியில் மறைந்துபோனார்கள். அதுவும் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. சர்ரென்று வளைந்தபோது காரிலே ஒரு குலுக்கல் இல்லையே!

"வழியில என்ன பேசுனாக?"

"பேசவே இல்ல. பாட்டுக் கேட்டாக."

"ம்" என்றாள் சித்தி. மூன்றிலும் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன். அப்பாவும் அதே மார்க்தான் போட்டார்.

இரண்டாவதாக வந்தவர் நரிக்குடி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மண்டிக்காரர்கள் காண்டசாவில் வந்த சேதி அவர்கள் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். 'நாம மட்டும் என்ன கொறச்சலா' என்று அவருடைய தாய்மாமன் கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்போல. வந்து நின்றது ஒரு படகுக் கார். வெளிநாட்டுச் சாமான், எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே பிறந்தது. நீளம் என்றால் நீளம், தெருவைத் திரும்ப முடியாமல் மூக்கு ஒரு வீட்டு வாசலிலும் வால் இன்னொரு வீட்டு வாசலிலுமாக நின்றது. ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையேதான். உச்சி வெயிலில் கழுத்தில் டை வேறு கட்டியிருந்தார். அதிசயம் என்னவென்றால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் ஓடிவந்து பார்த்தோம்.

அன்றைக்கும் அதே ஜெபம், அதே காராச்சேவு. இவரும் வாய் திறக்கவில்லை. எதிரே தாய்மாமன் உட்கார்ந்திருக்கும்போது எப்படித் திறப்பார்? குடிக்கக் கலர் வாங்கி வர ஆள் வேண்டும் என்று அம்மா சொன்னதும் மாப்பிள்ளை தப்பித்தோம் என்று எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து ஒரு கை என் முதுகில் பதிந்து தள்ளியது. நான் போய் வலது பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சித்தி கேட்பதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டேன்.

"சுத்த மோசம் சித்தி. மாட்டுவண்டியக்கூட முந்த முடியல!"

"ஏன், இழுவை இல்லையா?"

"அவுகளுக்குக் கண்ணே தெரியாது. ஸ்டியரிங் அந்தப் பக்கமா இருக்குல்ல, முன்னால ஒரு வண்டி போனா எதுக்க வாரது தெரியாதாம். எதுக்க வண்டி வருதா பாப்பான்னு எங்கிட்டயே கேக்குறாக. நான் சீட்டுல முட்டிபோட்டு எட்டிப் பாத்துச் சொல்லணும். வரலன்னாப் போறாக, வருதுன்னா நிக்கிறாக."

சித்தி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ சொன்னத அப்படியே கேட்டாகளா?"

"ஆமா. ஒரு தடவ ஒண்ணுமே வரல, நான் சும்மா வருதுன்னேன். அப்பவும் நிப்பாட்டிட்டாக."

"அப்பறம் தெரிஞ்சதும் திட்டுனாகளா?"

"இல்ல, சிரிச்சாக. கைகாட்டுற லைட்டப் போடுறேன்னு வைப்பர ஓடவிட்டாக. அதுக்கும் அவுகளே சிரிச்சுக்கிட்டாக. வண்டி ஓட்டவே தெரியல சித்தி!"

"போகும்போது டை கட்டியிருந்தாக. வரும்போது கழுத்துல இல்லையே, எங்க?"

"கதவுல. என் பக்கத்துக் கதவு சரியாச் சாத்தல. பயமா இருக்கான்னு கேட்டாக, இருக்குன்னேன். டையக் கழத்திக் கதவ சீட்டோட சேத்துக் கட்டிட்டாக. பாடிக்கு சைபர்!"

பெரிய அவமானத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதே குதிரைவாலி இடத்தில் ஒரு அக்கா கையைத் தூக்கி, "ஐயா, பெரிய வண்டியா இருக்கு, இன்னொரு தடவ ஏத்திட்டுப் போங்க" என்று கேட்டுவிட்டாள். இந்த மனுசன் படகுக் காரைப் பின்னால் எடுத்தார், முன்னால் விட்டார், திரும்பவும் பின்னால் எடுத்தார். வெளிநாட்டுக் காரை வைத்துக் கதிரடித்தார் ஐயா! அந்தப் பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் மானம் போயிற்று. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதே என்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

"சொகத்துக்கும் சைபர்தான?" என்றாள் சித்தி.

"முட்டை மார்க்."

சித்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து என்னை மடியில் இழுத்துப்போட்டு உச்சியில் முத்தமிட்டாள். எதற்கு என்று விளங்கவில்லை. நான் அவ்வளவு கறாராக மார்க் போட்டதற்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அம்மா கேட்டாள். சித்தி சொன்னாள்: "நரிக்குடிக்குச் சொல்லிவிடுங்க."

அப்பாவுக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, காண்டசாவுக்கு என்ன கொற?"

"வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல மச்சான்" என்றாள்.

நான் அழுது புரண்டேன். இவ்வளவு பாடுபட்டு ஏறிப் பார்த்து, ஒன்றுவிடாமல் சொல்லி என்ன பிரயோசனம்? தலைகீழாகத் தேர்ந்தெடுத்துவிட்டாளே! கல்யாணத்தன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பூக்கூடை பிடித்தேன். சரி, போகட்டும், படகுக் காராவது மிஞ்சுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் முதல் தடவை விருந்துக்கு வந்தபோது வாசலுக்கு ஓடினேன். திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் மஞ்சள் பையோடு நடந்து வந்தார்கள்.

"காரு எங்க?" என்றேன்.

"அது மதுரையில சிநேகிதர் ஒருத்தரோட காரும்மா. நம்மகிட்ட ஏது காரு?" என்றார் சித்தப்பா, வெட்கமே இல்லாமல்.

சித்தியைத் தனியே இழுத்துப் போய், "உன்னைய ஏமாத்திட்டாக சித்தி" என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னேன்.

"தெரியும்டி. நீதான வந்து சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"லைட்டுக்கு வைப்பரு ஓடுச்சுன்னு சொன்னேல்ல" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். சொந்தக் கார் இல்லை என்று தெரிந்தே ஒருத்தி ஒருவரைக் கட்டிக்கொள்வாளா?

அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்து, நான் காலேஜில் படிக்கும்போது, சித்தப்பா பழைய கார் ஒன்றை வாங்கினார். தீப்பெட்டி அளவு. இழுவையும் இல்லை, பாடியும் இல்லை. லீவுக்குப் போயிருந்த என்னை நரிக்குடியிலிருந்து ஊரில் விடுவதற்கு இரண்டு பேரும் வந்தார்கள். ஸ்டியரிங் எல்லாரையும்போல வலது பக்கம்தான். சித்தி இடது பக்கம், நான் பின்னால். முன்னே ஒரு வைக்கோல் லாரி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"எதுக்க வண்டி வருதா?" என்றார் சித்தப்பா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சித்தி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் வைக்கோலைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. எதிரே பார்க்க வேண்டியவர் அவர்தான். "சித்தப்பா, ஸ்டியரிங் உங்க பக்கந்தான இருக்கு, சித்திட்ட எதுக்குக் கேக்குறீக?" என்றேன்.

"பழகிப்போச்சும்மா" என்றார்.

சித்தி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, "வருது, இருங்க" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டின மட்டும் ரோடு காலியாகக் கிடந்தது. சித்தப்பாவுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். அவர் வேகத்தைக் குறைத்து லாரிக்குப் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தச் சொகத்துக்குத்தான் நான் முட்டை மார்க் போட்டிருந்தேன்.