மைனஸ் பதினேழில் ஒரு வலைப் பெனியன்

அப்பாவுக்கு உடுப்பு மாற்றும்போது சிவானந்தராசா மாமா வலைப் பெனியன் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, சால்வை எல்லாம் தயாராக இருந்தன. இறுதிச்சடங்கு மண்டபத்துச் சுவிஸ்காரர் பெனியனை விரித்துப் பார்த்துவிட்டு, கிழிந்திருக்கிறதே, வேறு இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். கிழியவில்லை, அது அப்படித்தான் என்றேன். மாமா தன் கையாலேயே அதைப் போட்டுவிட்டார். மேலே சட்டை வந்ததும் அது தெரியவில்லை.

அப்பா இறந்து மூன்று வாரம் ஆகிறது. ஏன் அந்தப் பெனியன் என்று பலர் கேட்டுவிட்டார்கள். எழுதி வைக்கிறேன். அப்பா தன் கையால் எழுதிய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. கொப்பியில் இல்லாததை மாமா சொன்னார். அப்பா தானாகச் சொன்னது குறைவு.

அவருடைய பெயர் பத்மநாதன். யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். தராசுகளைத் துடைத்து வைப்பார், வெப்பமானிகளை எண்ணி அடுக்குவார், மாணவர்கள் பிழையாக எடுத்த அளவுகளைத் திரும்ப எடுப்பார். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாகச் சுவிஸுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டார். ஷ்லீரன் என்ற ஊரில், மட்டக்களப்பிலிருந்து வந்த சிவானந்தராசாவோடு ஒரே அறையில் இருந்தார். மாமா என்று நான் அழைப்பது அவரைத்தான். இரத்த உறவு இல்லை. அம்மா தில்லைநாயகியும் நானும் ஊரில் இருந்தோம். அப்பா வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது.

1986 ஐப்பசியில் மலையுச்சி உணவகம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். முதலாளி ஹெர் ஸ்டூடர் உணவகத்தின் மேல்மாடியிலேயே குடியிருந்தார். காலை ஆறரைக்கு அடுப்பு எரிய வேண்டும். மூன்று தரம் பிந்தினால் வேலை இல்லை. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. உணவுப் பட்டியலை வாசிப்பதுபோல் சொன்னார்.

அந்த வேலை வெறும் வேலை அல்ல. அகதி விண்ணப்பம் ஒருதரம் மறுக்கப்பட்டிருந்தது. நிரந்தர வேலையும் முதலாளியின் கடிதமும் இருந்தால் மனிதாபிமான அனுமதிக்குக் கேட்டுப் பார்க்கலாம், அனுமதி வந்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அப்பாவைத் திருப்பி அனுப்புவார்கள். போர் நடந்த அந்த வருடங்களில் திரும்பிப் போவதென்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

மலைக்கு முதல் ரயில் ஆறு ஐம்பதுக்குத்தான் போய்ச் சேரும். காட்டுப் பாதையால் போனால் ஏழு கிலோமீற்றர், நானூற்றைம்பது மீற்றர் ஏற்றம். நடந்தால் இரண்டு மணித்தியாலம். அப்பா முன்னிரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்துவிட்டுப் பதினொன்றுக்கு வந்து படுப்பவர். ஆகவே ஓடினார். ஓடினால் ஒரு மணி ஐந்து நிமிடம்.

ஓட்டம் அவருக்குப் பிரச்சினை இல்லை. வியர்வைதான் பிரச்சினை. காட்டுக்குள் ஏறும்போது உடம்பு நனையும். மலைமுகட்டில் காற்று அடிக்கும். நனைந்த துணி அங்கே பனிக்கட்டியாகும்.

மார்கழி முதல் வாரத்தில் விரல்கள் விறைத்து ரோச் லைற்றைப் பிடிக்க முடியாமல் போனது. மரம் வெட்டுகிறவர்களின் கொட்டில் ஒன்றில் ஒதுங்கி, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். பதினொரு நிமிடம் பிந்தினார். அது முதலாவது.

அதற்குப் பிறகுதான் கொப்பி தொடங்குகிறது. முதல் பக்கத்தில் ஒரு விதி: ஐந்து பிராங்குக்கு மேல் எதையும் வாங்குவதில்லை. பழைய பொருட்கள் விற்கும் ப்ரோக்கன்ஹவுஸ்தான் அவருடைய கடை. அங்கேயே கடிதங்களை நிறுக்கும் சிறு தராசு ஒன்றும் வாங்கினார். செவ்வாய்க்கிழமை உணவகம் பூட்டு. செவ்வாய்தோறும் அதே பாதையில் ஓடி, ஒவ்வொரு உடுப்பையும் ஓடமுன் நிறுத்தார், ஓடிவந்தபின் நிறுத்தார். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றினார். மருந்துக்கடைச் சுவரிலிருந்த வெப்பமானியை வாசித்து, காற்றின் திசையையும் குறித்தார்.

நெஞ்சில் செய்தித்தாள் வைத்தால் இரண்டு கிலோமீற்றர்வரை நல்லது, பிறகு கூழ். குப்பைப் பையில் கைக்கும் தலைக்கும் ஓட்டை வெட்டிப் போட்டால் காற்று வராது, ஆனால் தண்ணீர் காற்சட்டைக்குள் வடியும். இராணுவத்தில் கழித்த கம்பளிச் சுவெற்றர் கனம், ஆனால் ஈரத்திலும் சூடு. மெல்லிய நைலோன் மழைக்கோட் அதற்கு மேல் நல்லது. எழுத்து சிறியது, கோடு தாண்டாது.

மாமா ஓர் இறைச்சிக் குளிரறையில் வேலை செய்தார். எட்டு மணித்தியாலம் மைனஸ் இருபதில் நிற்பவர். குளிரைப் பற்றித் தன்னிடம் ஒருவரும் கதைக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. தன்னுடைய பஞ்சு வைத்துத் தைத்த கோட்டை அப்பாவிடம் கொடுத்தார். குளிரறையில் காற்று இல்லை, ஏற்றம் இல்லை, ஒருவரும் ஓடுவதும் இல்லை என்பதை இருவருமே யோசிக்கவில்லை. மார்கழி இருபதாம் திகதி அப்பா அந்தக் கோட்டோடு ஓடினார். பாதி வழியில் மூச்சு முட்டிக் கழற்றினார். உள்ளே பெனியன் பிழியலாம்போல் இருந்தது. மலைமுகட்டில் பல்லடித்து நின்றுவிட்டார். ஏழு நிமிடம். இரண்டாவது.

அன்றைக்கு இருமலும் தொடங்கியது. சமையலறைக்குள் இருமுகிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார் ஸ்டூடர். இனிப் பிந்த இடமில்லை. பரீட்சைக் காலத்தில் மூன்றரை மாதம் பாக்கி.

நான் இப்போது வின்டர்தூரில் துணிகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒருநாள் அந்தக் கொப்பியை வேலைக்குரிய கண்ணோடு வாசித்தேன். முறை சரி. அளவுகள் சரி. பிழை ஒன்றே ஒன்று. எல்லாச் சோதனையிலும் தோலோடு ஒட்டியிருந்தது அதே பருத்திப் பெனியன். போகும்போது நூற்று நாற்பது கிராம், வரும்போது நானூறு. ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையாலேயே அதை எழுதியிருக்கிறார். ஆனாலும் மாற்றவில்லை. பெனியனை அவர் உடுப்பாகவே எடுக்கவில்லை. சட்டைக்குள் பெனியன் இருக்கும், அது தோல் மாதிரி. மேலே போடுவதைத்தான் மாற்றலாம்.

1987 தை மாதம் பெருங்குளிர் வந்தது. சனிக்கிழமை அவர்களுடைய சலவை முறை. கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் காயப்போட இடமிருந்தது. ஆனால் வெயில் படாத உடுப்பு காய்ந்ததாகாது என்பது அப்பாவின் எண்ணம். ஞாயிறு நல்ல வெயில் என்று வானொலி சொன்னதைக் கேட்டு, ஐந்து பருத்திப் பெனியன்களையும் பல்கனிக் கொடியில் போட்டார். வெயில் வந்தது. வெயிலிலேயே மைனஸ் பத்து.

திங்கள், தை பன்னிரண்டு. காலை நாலரைக்கு அப்பா கொடியிலிருந்து பெனியன்களைக் கொண்டுவந்தார். ஐந்தும் பலகை. ஒன்றைச் சுவரில் சாத்தினார், நின்றது. உருக்கினால் ஈரம். மருந்துக்கடை வெப்பமானி மைனஸ் பதினேழு. வடகிழக்கிலிருந்து பீஸ் என்னும் குளிர்காற்று அடித்தது.

மாமா கட்டிலில் எழும்பி இருந்து பார்த்தார். பெனியன் இல்லாமல் போகலாமே என்று சொல்லியிருக்கிறார். அப்பா சூட்கேஸின் அடியைக் கிளறினார். புழுக்கத்துக்கு உதவும் என்று ஊரில் அம்மா வாங்கி வைத்த வலைப் பெனியன்கள் இரண்டு அங்கே கிடந்தன. விரல் நுழையும் ஓட்டைகள். சுவிஸுக்கு வந்து ஒருநாளும் போடாதவை.

"உதுக்குள்ளால மீனே போயிரும் அண்ணன். காத்துப் போகாதா?" என்றார் மாமா.

"பெனியன் பெனியன்தான் தம்பி."

"என்ட கோட்டப் போடுங்க."

"அதைப் போட்டு ஒருக்காப் பிந்தினது காணும்."

வலைப் பெனியன், இராணுவச் சுவெற்றர், நைலோன் கோட். ஆனால் கடைசி நேரத்தில் நைலோன் கோட்டின் இடுப்புப் பட்டை குளிரில் வெடித்து உடைந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டார். நாலு நிமிடம் போனது. ஐந்து பதினெட்டுக்கு வெளிக்கிட்டார்.

முதல் கிலோமீற்றர் மோசம். நெஞ்சில் கத்தி வைத்ததுபோல் இருந்ததாக மாமாவிடம் சொல்லியிருக்கிறார். கடைசித் தெருவிளக்கடியில் நின்றார். திரும்பிப்போய் மாமாவின் கோட்டை எடுத்தால் பன்னிரண்டு நிமிடம். அதுவே மூன்றாவது பிந்துதல். திரும்பாவிட்டால் மலைமுகட்டில் என்ன நடக்கும் என்று தெரியாது. சோதித்துப் பார்க்காத உடுப்பு. இரண்டுக்கும் நடுவே அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது கொப்பியில் இல்லை. காட்டுக்குள் ஏறினார்.

ஏற ஏற வியர்த்தது. இப்போது பெனியன் நனையும், இப்போது ஒட்டும் என்று காத்துக்கொண்டே ஓடியிருக்கிறார். ஐந்தாவது கிலோமீற்றரில் ரோச் லைற் அணைந்தது. குளிரில் பற்றரி செத்துவிட்டது. நிலவு இல்லை. இடப்பக்கம் பள்ளம். ஓட முடியாது.

பற்றரிகள் இரண்டையும் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்தார். சூடேறினால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியும். நூற்றெண்பதுவரை எண்ண வேண்டும். அதாவது, வியர்த்த உடம்போடு, பீஸ் காற்றில், மூன்று நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். மார்கழியில் இரண்டு தரமும் அவரை விழுத்தியது இப்படி நின்றதுதான்.

எண்ணினார். நூறில் நடுக்கம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. நூற்றைம்பதில் கையைச் சுவெற்றருக்குள் விட்டு வயிற்றைத் தொட்டார். தோல் உலர்ந்திருந்தது. நைலோன் கோட்டுக்கு அடியில் தடவியபோது கம்பளியின் மேல் மெல்லிய பனி, மாவு தூவினதுபோல். வியர்வை உள்ளே தங்காமல் ஓட்டைகளுக்கால் கம்பளிக்குப் போய், அதன் மேற்புறத்தில் உறைந்திருந்தது. நூற்றெண்பதில் பற்றரியைப் போட்டார். மஞ்சளாக எரிந்தது.

சமையலறைக் கதவைத் திறந்தபோது சுவர்க் கடிகாரம் ஆறு இருபத்தெட்டு.

அடுப்பைப் பற்றவைத்தார். பிறகு கோட், சுவெற்றர், பெனியன் எல்லாவற்றையும் கழற்றினார். உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் பெனியனை வைத்தார். அந்த நேரம் ஸ்டூடர் படியிறங்கி வந்தார். மேலுடம்பில் ஒன்றுமில்லாத ஒருவன் தன் தராசில் ஓட்டைத் துணி நிறுப்பதைக் கண்டு நின்றார். அப்பாவுக்கு ஜெர்மன் போதாது. "பிஸிக்" என்றார். பௌதிகம்.

ஸ்டூடர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பெனியனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தார். அன்றைக்கு ரயிலும் ஓடவில்லை, ரொட்டி வண்டியும் ஏறவில்லை. மலைக்கு வந்து சேர்ந்தவர் அப்பா மட்டுந்தான். தராசை நன்றாகக் கழுவு, நாளைக்கும் இதே நேரம் வா என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

கொப்பியில் அன்றைய பக்கம்: "மைனஸ் 17. பீஸ். வலைப் பெனியன் போகும்போது 88, வந்தபோது 101. தோல் உலர். பிழை பெனியனில் இருந்தது." கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

அதற்குப் பிறகு அவர் பிந்தவில்லை. சித்திரையில் வேலை நிரந்தரமானது. ஸ்டூடர் கடிதம் கொடுத்தார், நான்கு வரி. 1988 இலையுதிர் காலத்தில் அனுமதி வந்தது. 1989 மாசியில் அம்மாவும் நானும் க்ளோட்டன் விமான நிலையத்தில் இறங்கினோம்.

நாலு வருடம் காணாத அப்பா. கட்டிப்பிடித்தார், பிறகு உடனே ஒரு பையைத் திறந்தார். மற்ற வலைப் பெனியனை என் அளவுக்கு வெட்டிக் கையால் தைத்து வைத்திருந்தார். தோள் தையல் கோணல். எனக்கு வெட்கமாக இருந்தது.

"உந்த ஓட்டையைப் போட்டுப் பிள்ளையை விறைக்க வைக்கப் போறியளோ?" என்றாள் அம்மா.

"முதல் உள்ள போடட்டும். பிறகு கதைப்பம்."

கழிப்பறைக்குள் அம்மா எனக்கு அதைப் போட்டு, மேலே அப்பா கொண்டுவந்த கம்பளிச் சுவெற்றரையும் போட்டுவிட்டாள். வெளியே வந்தோம். அப்பா சூட்கேஸை நிலத்தில் வைத்தார். பஸ் வரும்வரை என்னை நடக்கவிடாமல் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடம் கழித்துக் குனிந்தார்.

"குளிருதோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. கையைச் சுவெற்றருக்குள் விட்டு என் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

கொப்பியில் கடைசியாக எழுதிய பக்கம் அது. "மைனஸ் 4. காற்று இல்லை. மகள். குளிரவில்லை."