வெள்ளிக்கிழமைக் கயிறு

காக்கா, கூடப்பிறந்த தங்கச்சி நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது ஊர் உங்களை "நல்ல பொடியன்" என்கிறது. உயிரோடு இருந்தபோது அதே வாய்கள்தான் "மவ்லவி வாறாரு" என்று நக்கலடித்தன. நான் ஒன்றையும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடியும்வரை மூதூரில், கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற கரைவலை போடுவதில்லை. வாப்பா காலத்திலும் அப்படித்தான். மீன் குறைந்ததும் வலை முதலாளி அந்த நேரத்திலும் போடச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். பாங்கு கேட்டதும் நீங்கள் மட்டும் கயிற்றை விட்டீர்கள். தொழுகைக்கு மாற்றிக் கட்டச் சாரம் கொண்டுவந்து நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"எல்லாரும் இழுக்கக்குள்ள உனக்கு மட்டும் சொர்க்கத்தில தனி வீடா கட்டி வெச்சிருக்கு?" என்றார் முதலாளி.

"கட்டியிருந்தா உங்களுக்கும் ஒரு அறை கேக்கிறன், முதலாளி. மத்த நேரமெல்லாம் இழுக்கிறன். இந்த ஒரு மணித்தியாலம் ஏலாது."

"அப்ப மத்த நேரமும் வராத."

சிரித்தார்கள். ஒரே கோப்பையில் நம்மோடு தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த மச்சான்மாரும் சிரித்தார்கள்.

பிறகு நீங்கள் சொந்தமாக வைத்திருந்த தோணிக்கும் துணைக்கு ஆள் வரவில்லை. வந்தால் வலையில் இடமில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். தனியாகப் போனீர்கள். அன்று கச்சான், கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. ஒற்றை ஆள் துடுப்புப் போட்டு அதற்கு எதிரே திரும்ப முடியாது. இது தெரியாத ஒருவர்கூட இந்தக் கரையில் இல்லை.

சாம்பல்தீவுக் கரையில் உயிரில்லாமல் ஒதுங்கினீர்கள். உங்களை முன்பின் தெரியாத தமிழ் ஆட்கள் தங்கள் சாரத்தால் மூடி, நாங்கள் போகும்வரை வெயிலில் பக்கத்திலேயே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜனாஸா. உங்களைக் கிடத்தித் தூக்கிய சந்தூக்கு கடற்கரைப் பாதையால் போவதை வேலிக்குள் நின்று பார்த்தேன். வலையில் சூரை மீன் பட்டிருந்தது. உங்களோடு இழுத்தவர்கள் கயிற்றை விடவில்லை. பிடித்தபடியே தலையை மட்டும் குனிந்தார்கள்.

மையத்து விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கம் சாப்பாடு கொடுக்கும். பின்னேரம் முதலாளி சூரையோடு வேலிப் படலைக்கு வந்தார்.

"மகள், இத உம்மாட்ட குடுங்க. மீன் பட்டிருந்திச்சு, அதான் வர ஏலாமப் போயிற்று."

"ஓம், பாத்தனான். காக்காட மையத்து போனத நீங்களும் பாத்தீங்கதானே."

"கோவிக்காதீங்க. மாப் பண்ணுங்க."

"ஏலாது. மீனைக் கொண்டு போங்க. துஆ இருந்தாத் தாங்க."

படலையைச் சாத்தினேன். உம்மா உள்ளேயிருந்து ஏசினா. ஏசட்டும்.

காக்கா, நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் ஒருத்தியின் துஆ உங்களுக்குப் போதாது. ஆகவே இதை வாசிக்கிற எல்லோரும், எந்த வேதக்காரராக இருந்தாலும், என் காக்காவுக்காக இறைவனிடம் கையேந்துங்கள். அன்று கயிற்றை விடாதவர்களே, நீங்களும்தான். இப்போதாவது அதை விட்டுவிட்டு ஏந்துங்கள்.