அகராதியில் இல்லாத பெயர்

என் பேத்தியின் பெயரை நான் மாற்றி எழுதினேன். மருமகள் தேர்ந்தெடுத்த பெயரை விட்டுவிட்டு, நகராட்சி விண்ணப்பத்தில் என் தாயின் பெயரை நிரப்பிக் கொடுத்தேன். தெரிந்தே செய்தேன்.

மருமகளின் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோனது. இரண்டாம் முறை மருத்துவர் படுத்தே இருக்கச் சொன்னார். அந்த மாதங்களில் அவள் ஒரு மாயாஜால நாவலைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அதில் வரும் ஒரு பெண்ணின் பெயரைத்தான் குழந்தைக்கு வைக்க நினைத்தாள். எழுதியவர் தானே உருவாக்கிய மொழியில் அதற்குத் 'திரும்பி வந்தவள்' என்று பொருளாம்.

குழந்தை பிறந்ததும், "எந்த அகராதியில இருக்கு ஆத்தா?" என்றேன். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்த திமிர்.

"அகராதியில இல்லாட்டி என்ன மாமா, எம் மடியில இருக்காள்ல."

மகனுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. விண்ணப்பத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, மனைவி பெயரெழுதித் தந்த துண்டுத்தாளோடு என்னிடம் கொடுத்துவிட்டு ஜீப்பைப் பிடிக்க ஓடினான். துண்டுத்தாள் என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

சான்றிதழைப் பார்த்ததும் மருமகளின் முகம் வெளுத்தது. "ஆபீசுல மாத்தி ஏத்திட்டாங்க போல" என்றேன். முதல் குற்றத்தைவிட இதுதான் எனக்கு இன்றும் கூசுகிறது.

மறுநாள் கைக்குழந்தையோடு அவள் நகராட்சிக்குக் கிளம்பினாள். தனியே அனுப்பப் பயந்து நானும் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் வேலைக்குப் புதிய பெண்.

"ஒரு பேரைப் பாத்து ஏத்தத் தெரியாதா? கமிஷனர்ட்ட எழுதிக் குடுக்காம போகமாட்டேன்" என்றாள் மருமகள்.

"நீங்க எழுதுனதத்தான்க்கா ஏத்துவோம். இருங்க, விண்ணப்பத்தையே காட்டுறேன்."

அந்தப் பெண் பதறி எழுந்தாள். அலமாரியிலிருந்து விண்ணப்பக் கட்டு ஒன்றை எடுத்தாள், அதிலில்லை. இன்னொன்றை எடுத்தாள். என் கையெழுத்து மருமகளுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது கட்டின் நாடாவை அந்தப் பெண் அவிழ்க்கும்போது வாயைத் திறந்தேன்.

"தேட வேணாம்மா. அந்தப் பேர எழுதுனது நான்தான்."

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. "மொதல்ல இந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க மாமா" என்றாள். கேட்டேன்.

ஏறிய பெயரை எடுக்க முடியாது, அரசிதழில் மாற்றத்தை வெளியிட்டு அந்தத் தாளையும் சேர்த்துக் காட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நோட்டரி, தபால், திரும்பி வந்த படிவம், மறுபடி தபால் என்று மாதக்கணக்கில் அலைந்தேன். ஒருவழியாக அரசிதழ் வந்தது. எங்கே போனாலும் குழந்தைக்கு இனி இரண்டு தாள்.

இந்த வருடம் எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். அந்த நாவல் டி.வி.யில் தொடராக வந்ததிலிருந்து அந்தப் பெயருக்கு ஊரில் பஞ்சமில்லை. "எங்க கிளாசுலயே ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காங்க. இனிஷியல் வச்சுத்தான் கூப்பிடணும்" என்று ஆசிரியை சிரித்தார். மருமகளும் சிரித்தாள்.

சேர்க்கைப் படிவத்துக்கு நான் பழக்கத்தில் கை நீட்டினேன்.

"நான் எழுதிக்கிறேன். நீங்க பிள்ளையப் பிடிங்க மாமா."

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் எழுதிய பெயரை எதிரிலிருந்து தலைகீழாகப் படித்தேன்.