நான்காம் பாடத்தில் அக்கா

மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவிடம் யாராவது ஆங்கிலத்தில் பேசினால், அவருக்கு முதலில் சட்டை கருகும் வாசனைதான் வரும். அப்புறம்தான் பதில் வரும். மூக்கில் கோளாறு ஒன்றுமில்லை. எல்லாம் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய வாசனை.

அப்போது அவளும் அக்காவும் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தார்கள். அக்கா தேய்ப்பாள், இவள் மடிப்பாள். மாலையானால் இவள் மட்டும் கல்லூரிக்கு ஓடுவாள். மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. ஆங்கிலம் கேட்டல், வாசித்தல் தேர்வு மட்டும் ஒரு தடவை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் பட்டம் கிடையாது, ஆயுசுக்கும் மடிப்புதான்.

வாசிப்புக்குச் சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிச்சீட்டுகள் இருந்தன. வெந்நீர் கூடாது, பிழியக் கூடாது, வெயில் கூடாது. ஆங்கிலத்தில் பாதி 'கூடாது'தான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

கேட்டல்தான் கஷ்டம். வகுப்புக்கே ஒரே கேசட், அதில் ஆறு பாடம். ஆறில் ஒன்றைத் தேர்வில் போடுவார்கள், கேள்வி மட்டும் புதிது. ஆசிரியர் ஆளுக்கு இரண்டு நாள் முறை வைத்தார்.

"கேசட்டைக் கெடுக்கிறவங்க பரீட்சைப் பக்கமே வர வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். பட்டியலில் இவள் கடைசி.

மதியம் கடை அடங்கியதும், மடித்த போர்வைகள் மேல் டேப் ரெக்கார்டரை வைத்துக் கேட்பாள். நான்காம் பாடத்தில், ரயில் நிலையத்தில் குடையைத் தொலைத்த ஒருவர் ஜலதோஷக் குரலில் புகார் சொல்வார்.

"மறுபடியுமா? அந்த ஆளு குடையோட வீட்டுக்கே போயிருப்பான்டி. நீ இன்னும் தேடிட்டிருக்க" என்பாள் அக்கா.

"எங்க விட்டான்னு சொல்ற இடம் மட்டும் புரியலக்கா."

"நாப்பது தடவ சொல்லியும் புரியலன்னா, அது அவன் குடையே இல்ல."

இரண்டாம் நாள் அக்கா சாப்பிட உட்கார்ந்தாள், இவள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள். அப்போதுதான் சட்டென்று புரிந்தது: மூன்றாவது நடைமேடை, கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற பெஞ்சு! பெட்டியைச் சட்டைமேல் அப்படியே விட்டுவிட்டு, திரும்பக் கேட்க ஓடினாள். அவசரத்தில் விரல் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டது.

"அடிப்பாவி, சட்டை கருகுதுடி!"

கேசட்டில் குடைக்காரர் இடம் சொன்ன இடத்தில் இப்போது அக்காவின் குரல் உட்கார்ந்துவிட்டது.

அன்று முதலாளியிடம், "நான்தான் கருக்கிட்டேன்" என்று சொல்லி அக்கா திட்டு வாங்கினாள். இவள் கேசட்டை வாய் திறக்காமல் திருப்பிக் கொடுத்தாள். பாக்கி ஐந்து பாடம் நன்றாகத்தானே இருக்கிறது?

தேர்வு அறையில் ஒலித்தது நான்காம் பாடம்.

ஜலதோஷக்காரர் பேசிக்கொண்டே வந்தார். பிறகு அறை முழுக்க, "அடிப்பாவி, சட்டை கருகுதுடி!" நாற்பது பேரும் சிரித்தார்கள். ஆசிரியர் டேப்பை நிறுத்தினார்.

"யாரோட வேலை இது?"

இவளுக்கு அழிந்துபோன அந்த வரி மனப்பாடம். பேசாமல் குனிந்து எழுதினால் இவளுக்கு மட்டும் மதிப்பெண். எழுந்தால் வெளியே. பேனா தாளைத் தொட்டது. முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்காவின் முதுகு நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டாள்.

"என் அக்கா குரல் சார். நான்தான் தப்பா அழுத்திட்டேன்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். "அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"இங்க வா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. இங்கிலீஷ்ல."

சொன்னாள். நடைமேடை, கடிகாரம், பெஞ்சு, நடுவில் குடைக்காரர் மூக்கை உறிஞ்சுவது, கடைசியில் இரண்டு இருமல் உட்பட. மறுபடியும் ஒரு சிரிப்பு. ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நாற்பது பேனாக்கள் ஓடின.

"போய் உக்காந்து நீயும் எழுது" என்றார்.

தேறினாள், மயிரிழையில். முடிவு வந்த அன்று ஆசிரியர் கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டார். "இனிமே இத எந்த வகுப்புல போட முடியும்?"

அக்கா இப்போது தூர ஊரில் இருக்கிறாள். முழங்கால் வலி, தினமும் போனில் புலம்பல். கேசட் வரவேற்பு மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. போட்டுக் கேட்கக் கருவி இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தக் கேசட்டுக்குள் அக்காவுக்கு இன்னும் இருபத்தாறு வயதுதான், வாய் நிறையச் சோறு.