கடைக்காரர் சொல்லாமல் விட்ட வசதி

கம்ப்யூட்டர் வாங்க மகன் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்குக் கூட்டிப்போனது தொண்ணூறுகளின் பாதி தாண்டி. அவன் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கடைக்காரர் படித்த பிள்ளையை விட்டுவிட்டு என்னிடமே பேசினார்.

"டிவியும் இதுதாம்மா, டேப்பும் இதுதான். ஜாதகமும் இதுவே கணிச்சுரும்."

"அம்புட்டும் செய்யுமா? அப்ப வத்தக்குழம்பு எந்தப் பக்கமா வரும்?" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். அதை அந்த ஆளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் முதல் வேலையாக ஜாதகம் பார்த்தோம். போய்ச் சேர்ந்துவிட்ட என் வீட்டுக்காரருக்கு அது எண்பத்திரண்டு வயது ஆயுசு சொன்னது. மகன் அந்த ஜாதகத் தட்டைக் கழற்றி உறைக்குள் போட்டான். பொறவு யாரும் அதை எடுக்கவில்லை. டிவிப் படம் பொரிப் பொரியாக விழுந்தது. கடைக்காரர் அடுக்கிய மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. பிள்ளை மட்டும் பொழுதெல்லாம் தட்டித் தட்டி வேலை படித்தான். இரண்டு வருடத்தில் அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அதன் பிறகு வீட்டில் நானும் பெட்டியும்தான்.

எங்கள் வீட்டில் போன் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு எதிர்வீட்டுக்குக் கூப்பிடுவான். நான் ரிசீவரை எடுத்தால் அங்கே டிவியை அணைத்துவிட்டு எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். "சத்தமாப் பேசுங்க மதினி, அமெரிக்காவுக்குக் கேக்கணும்லா" என்பாள் அந்த வீட்டுக்காரி. எப்ப வருவ என்று ஒரு வார்த்தை அவனிடம் கேட்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் கேட்டால், பாவம், தனியாகக் கிடக்கிறாள் என்று ஊர் பேசும். நல்லா இருக்கேன், நீயும் நல்லா இரு என்று வைத்துவிட்டு வருவேன்.

அமெரிக்கா போகும்முன் மகன் ஒரு வழி செய்து வைத்திருந்தான். அந்தப் பெட்டியில் நம் குரலை ஒரு நிமிடம் பதியலாம். அந்த ஒரு நிமிடம் ஒரு ஃப்ளாப்பியில், சட்டைப் பையில் வைக்கிற கறுப்புத் தட்டில், சரியாகக் கொள்ளும். எங்கெங்கே அழுத்த வேண்டும் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினான். முகவரி எழுதிய உறைகளும் ஒரு கட்டு வைத்துப் போனான். இத்தனை பேசிய கடைக்காரர் இந்த வசதியைச் சொல்லவே இல்லை.

முதல் தடவை கதவைச் சாத்திவிட்டு, குரல் பதிகிற சிவப்புப் பொட்டை அழுத்தினேன். "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். போனில் பேசிய பழக்கம். ஒன்றைக் கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் அல்லவா? பொறவு குளிரைக் கேட்டேன், நிறுத்தினேன். முடி வெட்டினானா, அது இது என்று வரிசையாகக் கேட்டேன். முக்கியமானதைக் கேட்க வாயெடுப்பதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது. தட்டைக் கல்யாணப் பத்திரிகை அட்டைக்குள் வைத்து, தபாலாபீஸில் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு தட்டு வந்தது. போட்டால், என் குரலே பேசுகிறது.

"சாப்பிட்டியாய்யா?"

நான் நிறுத்தியிருந்த இடத்தில் அவன் குரல் வந்தது. "சாப்பிட்டேம்மா. நானே பொங்குனேன்."

குரல் மேல் குரலை ஏற்றவும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்து என் குரல் குளிரைக் கேட்டது. "குளிருதும்மா, ராத்திரியில எனக்கு..." என்று அவன் ஏதோ தொடங்கும்போதே, முடி வெட்டினியா என்று நான் குறுக்கே பேசுகிறேன். அவன் சொன்னது என் குரலுக்கு அடியில் போய்விட்டது. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவனுக்காகக் காத்திருந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். அந்த இடத்தில் மூச்சு விடுகிற நேரம்கூட விட்டிருக்கவில்லை.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டுச் சிவப்புப் பொட்டை அழுத்தினேன்.

"எப்பய்யா வருவ?"

அது ஒன்றுதான் கேட்டேன். மீதி நிமிடம் பூராவும் அவனுக்கு விட்டுவிட்டு, பெட்டி தானாக நிற்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.