கழற்ற வராத மெட்டி

சிதம்பரத்தில் பட்டிமன்றம் பேசிவிட்டு வந்த மறுநாள் அது. தூக்குமேடையிலும் கை நடுங்காத அரசன், தன் காயத்தைத் தானே தைத்துக்கொண்ட கதாநாயகன் என்று ஆண்மைக்கு வரிசையாக உதாரணம் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு ஆபரேஷன். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார் நர்ஸ். கல்யாணத்தன்று நான் போட்ட மெட்டியை நான்தான் கழற்ற வேண்டும் என்றாள் மனைவி. குனிந்தேன். விரல் வீங்கியிருந்தது. இழுக்க இழுக்க என் கைதான் நடுங்கியது. எனக்கே எரிச்சலாக வந்தது.

"உடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்று சோப்பு தடவி அவளே உருவி, என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "பயப்படாதீங்க, வந்துடுவேன்."

அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் மேடையில் சொன்ன அந்த வீரர்களில் ஒருவன்கூட இப்படிக் கதவுக்கு வெளியே நின்றதாக நான் எங்கும் படித்ததில்லை.